தோட்டா சேம்பருக்குள் இறுகினால் குண்டை மட்டும் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: சொந்த ஊர் சேலம் அஸ்தம்பட்டி, வேலை ஆஸ்திரேலியாவில். அங்கே உரிமத்தோடு வைத்திருக்கும் .308 போல்ட் ரைபிளுக்கு (கையால் பூட்டித் திறக்கும் ரகம்) நானே தோட்டா அடைக்கிறேன். மூன்று முறை சுட்ட பித்தளைக் கூடுகளை நான்காம் முறை அடைத்தபோது பாதிக்கு மேல் சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், இறுகுகின்றன. போல்ட் கைப்பிடியை உள்ளங்கையால் அமுக்கினால்தான் மூடுகிறது. குண்டை இரண்டு தடவை இன்னும் ஆழமாக இறக்கியும் பயனில்லை. கழுத்து மட்டும் சுருங்கினால் போதும் என்று டையை (சுட்ட கூட்டைச் சுருக்கும் அச்சு) கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறேன். விடுப்பு முடிந்து போனதும் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கடைசியாகப் போகிற போக்கில் சொன்னீர்களே, டையை உயர்த்தி வைத்திருப்பதாக, எனக்குச் சந்தேகம் அங்கேதான். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, 7.62 ரைபிள்களோடு காலம் தள்ளியவன் நான். இறுக்கம் என்றாலே எல்லோரும் முதலில் குண்டைத்தான் குற்றம் சொல்வார்கள்.

பிடிகொழுக்கட்டை பிடிக்கும்போது கையை இறுக்கினால் மாவு மேல்பக்கம் பிதுங்கும் அல்லவா? முழுக்கூட்டையும் சுருக்குவதற்கான டையை உயர்த்தி வைத்தால் அதேதான் நடக்கும். டை கூட்டின் உடம்பை நெருக்கும், உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவான தோளைத் தொடாது. நெருக்கப்பட்ட பித்தளை போக்கிடம் தேடித் தோளை முன்னே தள்ளும். சுட்ட கூட்டைவிடச் சுருக்கிய கூடு நீளமாகிவிடும்.

இரண்டாவது காரணமும் இதனோடு சேர்ந்திருக்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பவர்களைக் கேளுங்கள். இழுக்க இழுக்கக் கம்பி முறுகும், இடையிடையே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த தோட்டாப் பித்தளையும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுடும்போதும் சுருக்கும்போதும் முறுகும். முறுகிய தோளை டை அமுக்கினாலும் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். சிலர் கழுத்தையும் தோளையும் மட்டும் சூடு காட்டி இளக்குவார்கள். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் அழுத்தம் தாங்காது.

சோதனை எளிது. ரைபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டைக் கழற்றி அடிஊசியை எடுத்துவிட்டால் கைக்கு இறுக்கம் இன்னும் துல்லியமாகத் தெரியும். மருந்து, பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), குண்டு எதுவும் இல்லாத, சுருக்கிய வெறுங்கூட்டைப் போட்டு மூடிப் பாருங்கள். அதுவே இறுகினால் குண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூட்டின் மேல் மார்க்கர் மை பூசி மறுபடி மூடுங்கள். மை அழியும் இடம்தான் உரசும் இடம்.

தோளில் அழிந்தால் டையைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். வழக்கமான டையின் மரையில் அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச்சுற்று 1.8 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பத்து டிகிரி திருப்பினால் 0.05 மில்லிமீட்டர் இறங்கும். சுட்ட கூட்டின் தோள் அளவிலிருந்து ஏறக்குறைய அவ்வளவுதான் பின்னே போக வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கூடு ஒவ்வொரு முறையும் இழுபட்டு, அடிப்பக்கம் மெலிந்து கிழியும்.

கழுத்தின் வாயில் அழிந்தால் கூடு நீண்டிருக்கிறது. .308க்கு அதிகபட்ச நீளம் 51.18 மில்லிமீட்டர், வெர்னியரில் பார்த்து, மிஞ்சினால் வெட்டுங்கள். இதை அலட்சியப்படுத்த வேண்டாம். வாய் சேம்பர் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்தால் அழுத்தம் எகிறும்.

வெறுங்கூடு தாராளமாகப் போய், குண்டு பொருத்திய பிறகு இறுகினால் குண்டு பொருத்தும் டை அளவுக்கு மீறி இறங்கித் தோளைப் பிதுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். குண்டின் மேல், குழலின் உட்புறம் உள்ள வரிப்பள்ளத்தின் தடம் விழுந்திருந்தால் மட்டும் ஆழம் கூட்டுங்கள். காரணம் தெரியாமல் ஆழமாக இறக்கிக்கொண்டே போனது தப்பு, தம்பி. உள்ளே இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும்.

இந்தச் சோதனை எதையும் விடுப்பில் இங்கே செய்துபார்க்க நினைக்காதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

அடைத்து வைத்திருக்கும் மிச்சத் தோட்டாக்களைச் சுடாதீர்கள், மறுபடி சுருக்கும் டைக்குள்ளும் விடாதீர்கள். குண்டு உருவும் கருவியால் பிரித்து மருந்தைத் தனியே எடுங்கள். உயிருள்ள தோட்டா ஏதாவது சேம்பரில் மாட்டிக்கொண்டால் முனைவழியே கம்பி விட்டுத் தட்ட வேண்டாம். துப்பாக்கி பழுது பார்ப்பவரை அழைத்துக் கேட்டு, அவர் சொல்லும் வரை கை வைக்காதீர்கள்.