பெற்ற தாயின் சாவில் சந்தோசமா?

கேள்வி: "அம்மா செத்தது எனக்குச் சந்தோசம்" என்று ஓர் அமெரிக்க நடிகை தன் கதையை எழுதியிருக்கிறாராமே! சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னதற்கா இந்தக் கோபம்? பெற்றவளை இப்படித் தெருவுக்கு இழுக்கலாமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அட்டையோடு நின்றுவிட்டீர்கள். தாய் இறந்தது 2013இல். நடிகை ஜெனெற் மெக்கேர்டியின் நூல் வந்தது 2022இல். ஒன்பது வருசம் பொறுத்தவரை அவசரக்காரி என்று சொல்ல முடியாது.

நடிகையாக முடியாமற்போன தாயின் ஆசைக்காக ஆறு வயதில் நடிக்க வந்த பிள்ளை. 11 வயதில் மார்பு அரும்பியபோது, இதை நிறுத்த வழியுண்டா என்று பயந்துபோய்க் கேட்டாள். வைத்தியரிடம் கூட்டிப்போகாமல், கலோரி எண்ணிச் சாப்பிடத் தாய் பழக்கினார். அந்த வயதில் உடம்புக்கு வேண்டிய சக்தி கிடைக்காவிட்டால் மூளை பருவ ஹோர்மோன்களைக் குறைத்துவிடும், பெரியபிள்ளையாவது பிந்தும். அப்போது எலும்பில் சேராத கல்சியத்தைப் பிறகு முழுதாக ஈடுசெய்ய முடியாது. பட்டினி பின்னர் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுக்கும் நோயாக மாறியது. வயிற்று அமிலம் அரித்து அவருக்கு ஒரு பல்லே போயிற்று. "சாப்பாட்டைக் குறைப்பது" என்று நீங்கள் சொல்வது இதைத்தான். (நம் பக்கம் பிள்ளை சாமத்தியப்படப் பிந்தினால் கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். சோற்றுக்கோப்பையை யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.)

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. சார்ளி சப்ளினோடு 1921இல் நடித்த சிறுவன் ஜக்கி கூகன், வளர்ந்தபின் தன் உழைப்பு கரைந்துபோயிருக்கக் கண்டு 1938இல் தாய்மீதே வழக்குப் போட்டார். அடுத்த வருசம் கலிபோர்னியாவில் சட்டம் வந்தது. இன்று பிள்ளையின் மொத்தச் சம்பளத்தில் 15 வீதம், பெற்றோர் தொடமுடியாத கணக்குக்குப் போகவேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை படப்பிடிப்பில் இருக்கும்போது பெற்றோர் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்தில் நிற்கவும் வேண்டும். கோளாறு இங்கேதான்: மெக்கேர்டிக்குக் காவலுக்கு நிறுத்தப்பட்டவர் அதே தாய். பணத்துக்குப் பூட்டுப் போட்ட சட்டம், வீட்டுக் குளியலறைக்குள் போகவில்லை. பதின்ம வயதிலும் மகளைத் தாயே குளிப்பாட்டினார் என்ற பக்கத்தைப் படித்தபின் உங்கள் கேள்வியைத் திரும்ப அனுப்புங்கள்.

ஹொலிவுட் தூரம் என்று இருக்கவேண்டாம். யூரியூப் விளம்பரப் பணம் வந்துசேரும் அட்சென்ஸ் கணக்கு 18 வயது நிரம்பாதவருக்கு இல்லை. ஆகவே பிள்ளை ஆடிப்பாடி யூரியூப்பில் உழைப்பது அப்பா, அம்மா கணக்கில்தான் விழும். மாதாமாதம் அதில் ஒரு பங்கையாவது பிள்ளை பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வளரும் பிள்ளையின் நிறை ஏறாமல் நின்றாலோ, சாப்பிட்டதும் மலசலகூடத்துக்கு ஓடினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்; மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையென்றால் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். முதலில் தாயிடம் போய் விசாரித்துவிடாதீர்கள். நீங்கள் படலை தாண்டியதும் பதில் சொல்லவேண்டியவள் அந்தப் பிள்ளை.