கையெழுத்து அக்காவுடையது, வண்டி தம்பியுடையது

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வயது 28, கைக்கு வரும் சம்பளம் 26,000. அப்பா இல்லை, அம்மாவும் தம்பியும் என்னோடு இருக்கிறார்கள். 14 மாதம் முன்பு தம்பிக்காக என் பெயரில் 1,60,000 லோன் போட்டு ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்துக் கொடுத்தேன். 36 தவணை, மாதம் 5,911 என் கணக்கிலிருந்து போகிறது. அவன் மொபைல் கடையில் 15,000 சம்பளம் வாங்குகிறான், வீட்டுக்கு எதுவும் தருவதில்லை. இப்போது அந்த வண்டியை எக்ஸ்சேஞ்ச் போட்டு 350 சிசி வண்டி வேண்டும் என்கிறான். பழையதுக்கு 1,10,000 தருவார்களாம், புதுசுக்குக் கையிலிருந்து ஒன்றும் கட்ட வேண்டாமாம், 'உங்க அக்காவுக்கு சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கான மதிப்பெண்) நல்லா இருக்கு' என்று ஷோரூமில் சொன்னார்களாம். 5,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டான். அம்மா 'ஆம்பளப் பிள்ளை ஆசைப்படுறான், போட்டுக் கொடு' என்கிறார். நைட் ஷிப்டுக்கு ஆட்டோ செலவு தாங்கவில்லை, எனக்கும் ஒரு ஸ்கூட்டர் வேண்டும். இரண்டு மாதத்தில் 50,000 சீட்டு முடிகிறது. புதுசா, செகண்ட் ஹேண்டா, மின்சார ஸ்கூட்டரா? (முன்பு தம்பிக்கு போன், சித்தி வீட்டுக்கு வாஷிங் மெஷின் இரண்டும் என் பெயரில்தான் தவணையில் எடுத்தேன். சித்தி மூன்று தவணைக்கு மேல் கட்டவில்லை, மீதியை நான்தான் அடைத்தேன்.)

பதில்: ஸ்கூட்டருக்குப் பதில் சுலபம், கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய வரிதான். போன், வாஷிங் மெஷின், பைக், இப்போது அதைவிடப் பெரிய பைக். யாருக்கு எது தேவைப்பட்டாலும் உங்கள் ஆதார் நகலும் கையெழுத்தும்தான் போகிறது. இந்தப் பழக்கம் நிற்காவிட்டால் எந்த வண்டி வாங்கினாலும் அடுத்த வருடம் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தவணையைப் பார்த்தால் உங்களுக்கு ஃபிளாட் ரேட்டில் 11 சதவீதம் போட்டிருக்கிறார்கள். அதாவது அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி முழு 1,60,000-க்கும் மூன்று வருடமும் ஓடுகிறது. வட்டி மட்டும் 52,800. குறையும் அசலுக்கான வட்டியாக மாற்றிப் பார்த்தால் இது கிட்டத்தட்ட 20 சதவீதம். இதுவரை 14 தவணையில் 82,754 கட்டியிருக்கிறீர்கள், அதில் அசல் குறைந்தது சுமார் 52,000 தான். இன்னும் 1,08,000 போல பாக்கி நிற்கும் (லோன் கொடுத்த நிறுவனத்திடம் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட், அதாவது லோனை இப்போதே முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு, கேட்டால் சரியான தொகை தெரியும், நான் சொல்வது தோராயம்). ஷோரூமில் பழைய வண்டிக்குத் தரும் 1,10,000 இந்தப் பாக்கியை அடைக்கவே போய்விடும், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தைச் சேர்த்தால் கையிலிருந்து இன்னும் கொஞ்சம் போட வேண்டியிருக்கும். 82,000 ரூபாயும் 14 மாதமும் போய், நீங்கள் மறுபடி பூஜ்யத்தில் நிற்பீர்கள்.

அப்புறம் புது லோன். 350 சிசி வண்டி ஆன்ரோடு (பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 2,40,000 என்று வைப்போம், முழுத் தொகையும் லோன், அதே 11 சதவீத ஃபிளாட், நான்கு வருடம். வட்டி 1,05,600, மாதத் தவணை 7,200. டவுன் பேமென்ட் இல்லை என்ற சலுகையைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பொறுமை போய்விடும், ஏனென்றால் அந்தப் பணத்தை யாரும் தள்ளுபடி செய்யவில்லை, அதற்கும் நான்கு வருடம் வட்டி கட்டப் போவது நீங்கள்தான்.

நீங்கள் அனுப்பிய மாதச் செலவையும் கூட்டிப் பார்த்தேன். வாடகை 6,500, மளிகை, கேஸ், கரண்ட் 7,000, அம்மா மருந்து 1,200, பஸ்ஸும் ஆட்டோவும் 2,400, சீட்டு 2,500, பைக் தவணை 5,911. மொத்தம் 25,511. மீதி 489 ரூபாய். தவணை 7,200 ஆனால் மாதம் 800 ரூபாய் துண்டு விழும். ஒரு மாதம் உங்களுக்கே காய்ச்சல் வந்து சம்பளத்தில் பிடித்தம் ஆனால் என்ன செய்வீர்கள்? தவணை பவுன்ஸ் ஆகும், அதற்கு லோன் நிறுவனம் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம், அந்த நல்ல சிபில் ஸ்கோரும் இறங்கும். அது நீங்கள் பல வருடம் ஒழுங்காகக் கட்டிச் சேர்த்த ஸ்கோர். நாளைக்கு அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன், உங்களுக்கு ஒரு வீடு என்று வரும்போது வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை ஷோரூமில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆர்சி, அதாவது வண்டியின் பதிவுச் சான்று, உங்கள் பெயரில் இருக்கிறது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது, அந்த வழக்கில் வண்டி கைமாறிப் போன பிறகும் பெயர் மாற்றாததால் பழைய உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பானார். உங்கள் தம்பி யாரையாவது இடித்துவிட்டால் வழக்கில் நீங்களும் எதிர்மனுதாரர். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் கம்பெனி கட்டும், ஆனால் ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்றால் அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. தம்பியின் லைசென்ஸை ஒரு முறையாவது கையில் வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா? கியர் வண்டிக்கானதா, தேதி முடிந்ததா என்று பாருங்கள். அவன் நண்பர்களுக்கு வண்டியைக் கொடுக்கிறானா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். ஆனால் நம் வண்டிக்கு ஏற்படும் சேதம், திருட்டு இவற்றுக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடம்தான். உங்கள் வண்டிக்கு 14 மாதம் ஆகிறது. புதுப்பித்தீர்களா? பலர் 'அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இன்று வண்டி திருடு போனால் வண்டியும் இருக்காது, 22 தவணை மட்டும் இருக்கும். இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

இனி தம்பியிடம் என்ன சொல்வது? வண்டி வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். இருக்கிற வண்டியின் தவணையை அடுத்த மாதத்திலிருந்து நீ கட்டு என்று சொல்லுங்கள். 15,000-ல் 5,911 போனால், பெட்ரோலுக்கு 2,500 போனாலும் அவன் கையில் 6,500 மிஞ்சும். வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் தூங்கும் பையனுக்கு அது போதும். தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். லோனை நடுவில் அவன் பெயருக்கு மாற்றுவது சுலபமில்லை, அதனால் முடியும் வரை உங்கள் பெயரிலேயே ஓடட்டும். முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்சியில் இருக்கும் அடமானக் குறிப்பை நீக்கி, படிவம் 29, 30 போட்டு வண்டியை அவன் பெயருக்கே மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு 350 சிசி வேண்டுமானால் அவன் சம்பளச் சீட்டில், அவன் கையெழுத்தில் வாங்கட்டும்.

அம்மாவுக்கு மனம் கஷ்டப்படும். மேலே இருக்கும் மாதக் கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். 489 ரூபாய் என்ற கடைசி வரியை அவரே படிக்கட்டும். மகள் நடு ராத்திரியில் ஆட்டோவுக்காக நிற்பதும் அந்தத் தாளில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சரி, ஸ்கூட்டர். செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள், சீட்டுப் பணத்தில், கடன் இல்லாமல். புது 110 சிசி ஸ்கூட்டர் ஆன்ரோடு ஒரு லட்சம் என்று கொண்டால், 20,000 கட்டி மீதி 80,000-க்கு அதே 11 சதவீத ஃபிளாட்டில் மூன்று வருட லோன் போட்டால் வட்டியோடு மொத்தம் 1,26,400 ஆகும். நான்கைந்து வருடம் ஓடிய வண்டியை 42,000-க்கு வாங்கி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பெல்ட், டயர், பேட்டரி என்று 8,000 செலவழித்தாலும் 50,000-ல் முடியும். மருத்துவமனைக்கு 9 கிலோமீட்டர்தானே, மாதம் பெட்ரோல் 1,100 ஆகும், சர்வீஸுக்கு 300 எடுத்து வைத்தாலும் இப்போதைய 2,400-ல் ஆயிரம் ரூபாய் மிச்சம். பேரம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது, புது வண்டியின் ஷோரூம் விலையில் இது ஏறக்குறைய 8 சதவீதம். பழைய வண்டி விற்பவர் அதற்கு முந்தைய புது விலையை வைத்துக் கணக்குச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது உரிமையாளர், லோன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை, அபராதச் சலான் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியையே பார்க்கப் போக வேண்டும். காலையில் போங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது. மீட்டர் 15,000 கிலோமீட்டர் காட்டும்போது டயர் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால் சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்கள். தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது நல்லது. முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பியுங்கள், 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

மின்சார ஸ்கூட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாடகை வீட்டு மாடியில் இருக்கிறீர்கள், கீழே சார்ஜ் போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், பழைய மின்சார வண்டி என்றால் பேட்டரியின் ஆயுளை நம்மால் கணிக்க முடியாது. இப்போதைக்கு வேண்டாம். சீட்டும் முடிந்து, பைக் தவணையும் தம்பி கைக்குப் போனால் மாதம் 8,400 உங்களிடம் நிற்கும். ஒரு வருடம் தொடாமல் இருந்தால் லட்சம் ரூபாய், அப்போது எந்த வண்டியையும் ரொக்கமாகவே வாங்கலாம்.

அந்த 5,000 அட்வான்ஸை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், ரசீதை தம்பியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் போகக் கொஞ்சம்தான் தருவோம் என்றாலும், முழுசும் போனது என்றாலும் பரவாயில்லை. 5,000-க்காக 2,40,000 லோனில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.