பழைய லிங்க் அளவை ஆங்ஸ்ட்ராமுக்கு மாற்றுவது

கடலூர் பக்கத்து நிலத்தின் பழைய புலப்படத்தில் 265 லிங்க் (நிலம் அளக்கும் சங்கிலியின் ஒரு கண்ணி நீளம்தான் லிங்க்) என்று போட்டிருக்கும் வரப்பை, மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக ஆங்ஸ்ட்ராமுக்கு (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) மாற்றினால் ஒரு முறை 5.33 × 10¹⁰, இன்னொரு முறை 5.33 × 10¹¹ என்று வருகிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவதுதான் சரி. முதலாவது நானோமீட்டர் கணக்கு. 1 நானோமீட்டருக்கு 10 ஆங்ஸ்ட்ராம், அந்தப் பத்துதான் விட்டுப்போயிருக்கிறது.

66 அடி கன்டர் சங்கிலியில் 100 லிங்க், ஆக 1 லிங்க் 0.201168 மீட்டர், 265 லிங்க் 53.30952 மீட்டர், அதை 10¹⁰ ஆல் பெருக்கினால் முடிந்தது. ஹைட்ரஜன் அணுவின் போர் ஆரத்தில் (அணுக்கருவிலிருந்து எலக்ட்ரான் பெரும்பாலும் இருக்கும் தூரம், 0.529177 ஆங்ஸ்ட்ராம்) சொன்னால் சுமார் 1.0074 × 10¹², அதாவது ஒரு லட்சம் கோடியைக் கொஞ்சம் தாண்டும். பலகையில் இதைப் பெரிதாகப் போடுங்கள், பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

ஆனால் எந்தச் சங்கிலி என்று முதலில் பார்த்துவிடுங்கள். 100 அடிச் சங்கிலியில் 1 லிங்க் என்பது 1 அடி, 20 மீட்டர் சங்கிலியில் 20 சென்டிமீட்டர். கன்டர் லிங்க் என்றால் 1000 சதுர லிங்க் சரியாக 1 சென்ட் வரும்.

அப்புறம், கால்குலேட்டர் காட்டும் இலக்கம் எல்லாவற்றையும் தயவுசெய்து எழுதாதீர்கள். எஃகுச் சங்கிலி 10 டிகிரி கூடுதலாகச் சூடானாலே சுமார் 2.4 மில்லிமீட்டர் நீளும், அது 2.4 கோடி ஆங்ஸ்ட்ராம். சித்திரை வெயிலில் வயலில் கிடக்கும் இரும்புக்கு அந்தச் சூடு சாதாரணம். 5.33 × 10¹¹ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.