ஸ்கைரிம் கேள்வி பதில்: எதை வைப்பது, எதை விற்பது, எதை அங்கேயே விடுவது

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் பை நிரம்பித் திணறுபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதிலில் வரும் எடையும் விலையும் மோட் (ரசிகர்கள் செய்த மாற்றம்) எதுவும் போடாத, சர்வைவல் மோட் (பசி, குளிர் பார்க்கும் கடின ஆட்டமுறை) அணைத்த ஆட்டத்துக்குப் பொருந்தும்.

புதுவீரன்: அண்ணா, இப்பதான் லெவல் 5. குகையில கிடைக்கிற கவசம், கோடரி எல்லாத்தையும் அள்ளிட்டு வந்தா பாதி வழியில ஓடவே முடியல. எதை விடணும்?

சுமை வரம்பு 300-ல் தொடங்குகிறது. அதைத் தாண்டினால் ஓடவும் முடியாது, ஃபாஸ்ட் டிராவலும் (வரைபடத்தில் இடத்தைத் தேர்ந்து உடனே போவது) கிடையாது. அதனால் எடுக்கும் முன் விலையை எடையால் வகுத்துப் பாருங்கள், தம்பி. இரும்பு வார்ஹாமர் எடை 24, விலை 55. ஓர் எடைக்கு 2 தங்கம்தான் தேறும். இரும்புக் கவசம் 30 எடை, 125 தங்கம். அதுவும் 4-க்குச் சற்று மேல்தான். எல்வன் கவசமோ வெறும் 4 எடையில் 225 தங்கம், அதாவது 56. வைரம் 0.1 எடையில் 800.

உங்கள் லெவலுக்கு, ஓர் எடைக்கு 10 தங்கம் தேறாததைத் தொடாதீர்கள். ஸ்டீல் கவசம்கூட (35 எடை, 275 தங்கம்) இந்தக் கணக்கில் அடிபட்டுவிடும். லெவல் 20 தாண்டியதும் அளவை 30-க்கு உயர்த்துங்கள். பையில் காட்டும் விலையை வியாபாரி அப்படியே தரமாட்டார். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே வீதத்தில் குறைப்பதால் ஒப்பீடு மாறாது. தங்கம், லாக்பிக் (பூட்டுத் திறக்கும் கம்பி), அம்பு மூன்றுக்கும் எடையே இல்லை, யோசிக்காமல் எடுங்கள்.

இரும்புக்கொல்லன்: டுவீமர் (அழிஞ்சுபோன பழைய இனம்) இடிபாட்டுல கிடைக்கிற உலோகம் எல்லாத்தையும் உருக்கலாமா ப்ரோ?

முடியாது. இதில்தான் பலருடைய சுமை வீணாகிறது. காக், கியர், லீவர், கைரோ, கிண்ணம், சட்டி எதுவும் உலையில் ஏறாது. பார்க்க ஒரே உலோகமாக இருந்தாலும் உருக்கும் பட்டியலில் வராது. உருகுபவற்றிலும் ஏற்றத்தாழ்வு பெரிது. பென்ட் டுவீமர் ஸ்கிராப் மெட்டல், ஸ்மால் டுவீமர் பிளேட் மெட்டல் இரண்டும் 2 எடை. ஒவ்வொன்றும் 3 இங்காட் (உலோகப் பாளம்) தரும். சாலிட் டுவீமர் மெட்டல் 25 எடைக்கு 5 இங்காட். லார்ஜ் டெகரேட்டிவ் டுவீமர் ஸ்ட்ரட் 15 எடை, கிடைப்பது வெறும் 2.

இப்படி உருகி வரும் டுவார்வன் இங்காட் ஒன்று 30 தங்கம். அப்படியானால் 2 எடைத் துண்டு 90 தங்கத்துக்குச் சமம், ஓர் எடைக்கு 45. சாலிட் மெட்டலில் அதே கணக்கு 6-தான் வரும். பெரிய கட்டியைப் பார்த்ததும் கை போகும், ஆனால் காசு இருப்பது சின்னத் தகட்டில்.

இங்காட் ஒன்றின் எடை 1. அதனால் 2 எடைத் துண்டை உருக்கினால் கையில் 3 எடை இருக்கும்! பட்டறை தூரமாக இருந்தால் வழியில் உள்ள உலையில் உருக்காமல் துண்டாகவே கொண்டுபோங்கள். கட்டியை எடுத்தே தீர வேண்டுமென்றால் அதை மட்டும் முதல் உலையிலேயே உருக்கிவிடுங்கள். ஸ்மிதிங் (கொல்லர் திறன்) 30-ல் டுவார்வன் பெர்க் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சலுகை) எடுத்துவிட்டால் இங்காட்டை விற்க வேண்டாம். 2 டுவார்வன், 1 இரும்பு இங்காட் போட்டால் ஒரு டுவார்வன் வில். திறன் ஏற்ற நல்ல வழி அது.

நாகக்கொடி: டிராகன் எலும்பு, செதில் ரெண்டும் சேர்ந்துக்கிட்டே போகுது. ஸ்மிதிங் 40தான். வச்சுக்கவா, வித்துடவா?

எலும்பு 15 எடை, 500 தங்கம். செதில் 10 எடை, 250. மதிப்பு மோசமில்லை, ஆனால் நான்கு டிராகன் வீழ்ந்ததும் வேறு எதற்கும் பையில் இடம் இருக்காது. டிராகன் கவசம் செய்ய ஸ்மிதிங் 100 வேண்டும். எந்தக் கவசம் உங்கள் வழி என்று முதலில் முடிவு செய்யுங்கள். இலகு ரகமான டிராகன்ஸ்கேலுக்கு எலும்பே தேவையில்லை: செதிலை வீட்டில் வையுங்கள், எலும்பை விற்றுவிடலாம். கன ரகமான டிராகன்பிளேட்டுக்கு இரண்டும் வேண்டும். 2012-ல் வந்த டான்கார்ட் என்ற கூடுதல் தொகுப்பு இருந்தால் எலும்பில் ஆயுதமும் செய்யலாம். அப்போது இலகு கவசக்காரரும் கொஞ்சம் எலும்பு ஒதுக்க வேண்டும்.

விற்கும்போது கொல்லரிடம் போங்கள். அவர் கையிருப்பு பொதுவாக 1000 தங்கம்; பலசரக்குக் கடையில் 750, மருந்துக்காரரிடம் 500. ஆட்டக் கணக்கில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை கையிருப்பு மீளும். ஸ்பீச் (பேச்சுத் திறன்) 50-ல் மெர்ச்சன்ட் பெர்க் எடுத்தால் எந்தக் கடையிலும் எதையும் விற்கலாம்.

மலர்விழி: குகையில ஒரு பெட்டியில போட்டு வச்சிருந்த பொருள் எல்லாம் காணாம போச்சு. ஏன்?

அந்த இடம் ரீசெட் ஆகிவிட்டது. ஆட்டக் கணக்கில் சாதாரண இடம் 10 நாளிலும், முழுதாக முடித்த குகை 30 நாளிலும் பழைய நிலைக்குத் திரும்பும். பெட்டியில் நீங்கள் வைத்ததும் அதோடு போகும். போனதை மீட்க முடியாது. இனி சொந்த வீட்டுப் பெட்டியில் மட்டும் வையுங்கள். வைட்ரன் நகரில் உள்ள பிரீஸ்ஹோம் வீடு 5000 தங்கம். முதல் பெரிய சேமிப்பை அதில் போடுவதில் தவறே இல்லை.

சேகரிப்பாளன்: விக்கவே கூடாதுன்னு ஒரு பட்டியல் சொல்லுங்களேன்.

டிராகன் பூசாரி முகமூடிகள் முதலில். லேபிரிந்தியன் என்ற இடிபாட்டில் உள்ள மரமுகமூடியை அணிந்தால் வரும் சன்னிதியில் பெயருள்ள எட்டையும் வைத்தால் கோனாரிக் என்ற முகமூடி கிடைக்கும். ஒன்றை விற்றாலும் அது நின்றுபோகும். டெய்ட்ரா இதயம் 0.5 எடைதான், பட்டறையில் செய்யும் ஒவ்வொரு டெய்ட்ரிக் பொருளுக்கும் ஒன்று தேவை. மருந்தில் போட்டுக் கரைக்காதீர்கள்.

பிறகு, ஊர்க்காரர்கள் கேட்கப்போகும் சில்லறைப் பொருட்கள். ஐவர்ஸ்டெட் டெம்பாவுக்குக் கரடித்தோல் 10, ரிஃப்டன் பாலிமுண்டுக்கு ஃபயர் சால்ட்ஸ் 10, வைட்ரன் யிசோல்டாவுக்கு மாமத் தந்தம் 1. இங்கன் பிளாக்பிரையர் டெத்பெல், நைட்ஷேட், நிர்ன்ரூட் மூன்றிலும் 20 கேட்பாள். இதற்கு மேல் குவிப்பது வீண்.

மந்திரக்கோல்: ஒரே மந்திரம் உள்ள ரெண்டு மோதிரம் இருக்கு, ஒண்ணு வலுவானது. எதை டிஸ்என்சான்ட் (உடைச்சு மந்திரத்தைக் கத்துக்கிறது) பண்ணணும்?

மலிவானதை. கற்றுக்கொண்ட மந்திரத்தின் வலு உங்கள் என்சான்டிங் (மந்திரம் ஏற்றும்) திறன், பெர்க், ஸோல் ஜெம் (ஆன்மாவை அடைக்கும் கல்) ஆகியவற்றைப் பொறுத்தது. உடைத்த பொருளின் வலுவைப் பொறுத்தது அல்ல. வலுவானதை அணியுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். இன்னும் கற்காத மந்திரம் என்றால் எவ்வளவு கனமான பொருளானாலும் ஒன்றை என்சான்டிங் மேசை வரை கொண்டுபோவது நியாயம்.

காலி ஜெம்களில் பெரியதை மட்டும் வைத்துக்கொண்டு சின்னதை விற்பது இன்னொரு தவறு. பொருந்தும் சின்ன ஜெம் இல்லையென்றால் ஓநாயின் ஆன்மா கிராண்ட் எனும் பெரிய ஜெம்முக்குள் போய் உட்காரும். 3000 அளவு ஆன்மாவைத் தாங்கும் ஜெம்மில் 250 மட்டும். பெட்டி (Petty), லெஸ்ஸர் எனும் சின்ன ஜெம் இரண்டிலும் நாலைந்து காலியாக எப்போதும் இருக்கட்டும், எடை 0.1, 0.2 தான்.

சுமைதாங்கி: வரம்பை ஏத்த எது நல்லது?

சாலிட்யூட் நகருக்கு வடமேற்கே உள்ள, தொட்டால் வரம் தரும் ஸ்டீட் ஸ்டோன். +100, கூடவே அணிந்த கவசத்தின் எடையும் கணக்கில் வராது. பிக்பாக்கெட் திறன் 50-ல் எக்ஸ்ட்ரா பாக்கெட்ஸ் பெர்க் இன்னொரு 100. லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை (ஓட, அடிக்கச் செலவாகும் தெம்பு) தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு முறையும் 5 மட்டுமே, அதற்காக ஹெல்த்தை விடாதீர்கள். அவசரத்துக்கு: குதிரை மேல் ஏறிவிட்டால் சுமை மீறியிருந்தாலும் ஃபாஸ்ட் டிராவல் நடக்கும்.

வாள்மகள்: சாப்பாடு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா அக்கா?

காய்கறி சூப்பைத் தவிர. முட்டைக்கோஸ், உருளை, லீக், தக்காளி ஒவ்வொன்று. சமையல் பானையில் செய்யலாம், எடை 0.5. 720 விநாடிக்கு விநாடிக்கொரு ஸ்டாமினா ஊறும். பவர் அட்டாக்குக்கு (ஓங்கி அடிக்கும் அடி) துளி ஸ்டாமினா இருந்தாலே போதும் என்பதால், அந்த 12 நிமிடமும் வாள் ஓயாது. இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டு, பச்சை இறைச்சி, ரொட்டி, சீஸை எல்லாம் எடுக்காமலே விடுங்கள்.