பெரியம்மாவின் வருத்தமும் மகளின் படிப்பும்

அக்கா, போன சனிக்கிழமை நீங்கள் மகளோடு வந்துவிட்டுப் போன பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. நீங்கள் கேட்டது ஒன்று, வெளியில் இன்னும் மூன்று பேர் காத்திருந்த அவசரத்தில் நான் சொன்னது வேறொன்று. அதனால் இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

"டொக்டராக வரட்டும் என்றுதான் பயோ படிக்கவிட்டோம், இவள் என்னவென்றால் மார்புப் புற்றுநோய் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஆராய்ச்சிதான் படிப்பாளாம், அதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். வேலையைப் பற்றி மட்டும் நீங்கள் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. உங்கள் அக்கா 39 வயதில் போய்விட்டார். அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு வீட்டில் யாரும் அந்த நோயின் பெயரையே எடுப்பதில்லை, "அந்த வருத்தம்" என்றுதான் சொல்வீர்கள். அதையே மகள் தொழிலாக எடுக்கப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் பயம் வரும்தான்.

சரி, முதலில் வேலை. ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் பட்டத்தோடு நிற்கிற படிப்பு இல்லை இது. எம்எஸ்சி, கலாநிதிப் பட்டம் என்று கணக்குப் போட்டால் உயர்தரம் முடித்துப் பத்து வருடமாவது போகும், அதில் ஒரு பகுதி வெளிநாட்டில் புலமைப்பரிசிலில் போகலாம். இலங்கையில் இதற்கென்று இருக்கும் இடங்கள் குறைவு: கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 இலிருந்து மனித மரபியல் பிரிவு இருக்கிறது, அதே பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம், மூலக்கூற்று உயிரியலுக்கு ஒரு நிறுவகம் இருக்கிறது, பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல் துறை இருக்கிறது. பக்கத்தில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கம்பஸ் இருக்கும்போது ஏன் தூரத்துக்கு என்று அவளுடைய அப்பா கேட்டாராம். அங்கே கணினி விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் படிக்கலாம், இது படிக்க முடியாது. மகள் நடுவில் மனம் மாறினாலும் கையில் தொழில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நல்ல தெரிவு, யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இருக்கிறது. மெடிசின் கிடைத்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, டொக்டர்மாரும் பிறகு இந்தப் பக்கம் வருகிறார்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை நினைத்து இப்போதே நித்திரையைக் கெடுக்காதீர்கள். திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம் என்று எடுப்பதோடு மிச்சம் 5 வீதத்துக்கு உரிய பின்தங்கிய மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று.

இனி நான் சொல்ல வந்த விசயம். உங்களை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு மகளோடு தனியாகக் கதைத்தேன் அல்லவா, அப்போது அவள் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தாள். ரியூசனில் கொடுத்த இரசாயனவியல் பேப்பரின் பின்பக்கம். அதில் அடிமட்டம் வைத்து உங்கள் குடும்பம் முழுவதையும் வரைந்திருந்தாள், ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். பெரியம்மாவின் வட்டம் பேனையால் கறுப்பாக நிரப்பியிருந்தது, பக்கத்தில் 39 என்று இருந்தது. இன்னொரு வட்டத்துக்குள் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தாள். யார் என்று கேட்டேன். மூதூரில் இருந்த அம்மம்மாவின் தங்கச்சியாம். "வயிற்று வருத்தம் என்று சொல்கிறார்கள் மிஸ், என்ன வயிற்று வருத்தம் என்று கேட்டால் அம்மா ஏசுகிறா."

அக்கா, அந்தக் கேள்விக்குறியைப் போட்டாளே, அதில்தான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை வந்தது. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 என்கிற இரண்டு மரபணுக்களில் பழுது இருந்தால் மார்புப் புற்றுநோய் மட்டும் இல்லை, சூலகப் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் கூடும். அந்தக் காலத்தில் அதைத்தான் பல வீடுகளில் வயிற்று வருத்தம் என்று சொல்லி மூடினார்கள். அவருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் பிள்ளை கேட்டிருக்கிறாள்.

மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்கப் பெண்மணி தொடங்கியதும் இப்படிப்பட்ட குடும்ப மரங்களை வைத்துத்தான். முதல் பட்டம் கணிதத்தில் எடுத்தவர். மார்புப் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதைப் பலர் நம்பாத காலத்தில், 23 குடும்பங்களை ஆராய்ந்து, 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் காரணம் இருக்கிறது என்று 1990 இல் காட்டினார். அங்கே இருந்த பிஆர்சிஏ 1 மரபணுவைப் பிரித்தெடுத்தது 1994 இல், வேறொரு குழு. ஆகவே மகளிடம் நான் சொன்னது ஒன்றுதான், கணிதத்தைக் கைவிடாதே என்று. பயோ எடுத்த பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கணிதத்துக்குக் கும்பிடு போட்டுவிடுகிறார்கள், பிறகு இந்தத் துறைக்கு வந்து புள்ளிவிபரவியலில் முழிக்கிறார்கள்.

ஏனென்றால் இப்போது நடக்கிற ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் கணக்குத்தான். பரம்பரைப் பழுதால் வருவது மொத்த மார்புப் புற்றுநோயில் 5 முதல் 10 வீதம் வரைதான். பிஆர்சிஏ 1 இல் பழுதுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 72 வீதம் என்று 2017 இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. வராமலே இருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது. இவை தவிர, தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும் சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அவற்றைக் கூட்டி, நோய் வரும் வாய்ப்பைக் காட்டும் ஒரு புள்ளி போடுகிறார்கள். 2019 இல் வெளிவந்த அப்படியொரு புள்ளிக்கு 313 இடங்களைப் பார்த்தார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு, எங்கள் பெண்களுக்கு அந்தளவு சரியாகப் பொருந்தாது. எங்கள் ஆட்களின் தரவு போதாது. ஏன் போதாது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? 2006 இல் சண்டையால் மூதூரிலிருந்து ஓடி வந்தபோது எத்தனை பேருடைய கிளினிக் கொப்பி போனது, மிச்சத்தை நாங்களே "வயிற்று வருத்தம்" என்று மூடிவிட்டோம். அந்தத் தரவைச் சேர்ப்பதென்றால், ஒரு வயதான அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, எதற்காக இரத்தம் எடுக்கிறோம், முடிவு என்ன வரலாம், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதைத் தமிழில் பக்குவமாகச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகளால் அது முடியும்.

ஒரு விசயத்தை மட்டும் பிரித்து வையுங்கள். தனக்கும் வருமோ என்ற பயத்துக்கு மருந்தாக அவள் இந்தப் படிப்பை எடுக்கக் கூடாது. அது டொக்டரிடம் கேட்கிற கேள்வி, அதையும் முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள். பரிசோதனையை நோய் வந்தவரிடம் தொடங்குவதுதான் முறை, அவர் இல்லையென்றால் கூடப்பிறந்த நீங்கள். உங்கள் அக்காவிடம் பழுது இருந்து, அது உங்களிடம் இல்லை என்று தெரிந்தால், உங்கள் வழியாக மகளுக்கும் போயிருக்காது. உங்களிடம் இருந்தால், அது அவளுக்குப் போயிருக்கும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. ஏதோ மாற்றம் இருக்கிறது, அதன் அர்த்தம் தெரியவில்லை என்றும் சில வேளை முடிவு வரும், அதற்கும் மனதைத் தயாராக வைத்திருங்கள். இப்போதைக்கு உங்கள் பகுதியில் பெண்களைப் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருநாள் போய் இந்தக் குடும்பக் கதையை முழுவதும் சொல்லுங்கள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வாருங்கள், அவளுடைய அப்பாவையும் கூட்டிக்கொண்டு. பிள்ளை வரைந்த மரத்தில் அவர் பக்கம் வெறுமையாக இருக்கிறது, இது பெண் வழியால் மட்டும் வருகிறது என்று நினைத்துவிட்டாளோ தெரியவில்லை, தகப்பன் வழியாலும் வரும் என்று சொல்லுங்கள். வருவதற்கு முன்னர் அம்மம்மாவிடம் அந்தத் தங்கச்சிக்கு என்ன வருத்தம், எத்தனை வயதில் என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டால் சொல்லுவா.