தசையா, துடிப்பா?

அன்புள்ள ஐயா,

திடீர் இதய மரணம் குறித்த உங்கள் கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். என் மகள் உயிரியற்பியலில் முதுகலை முடித்திருக்கிறாள். முனைவர் பட்டத்துக்கு இதய ஆய்வுதான் என்று உறுதியாக இருக்கிறாள். ஓர் ஆய்வகத்தில் இதயத் தசை சுருங்குவதைப் பற்றிய வேலை, இன்னொன்றில் துடிப்புக் கோளாறு. தசை ஆய்வெல்லாம் பழசு, இனி துடிப்புதான் என்கிறார் அவளுடைய பேராசிரியர். உங்கள் கருத்து என்ன?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

பேராசிரியர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே துறைக்கு இரண்டு பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சுனாவோ தவாரா என்ற ஜப்பானியர் 1903-ல் ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குப் போனார், லுட்விக் ஆஷோஃபிடம் நோய்க்குறியியல் படிக்க. இதயம் செயலிழப்பது தசை அழற்சியால்தான் என்று அன்று பலரும் நம்பினார்கள். அதைச் சரிபார்ப்பதுதான் தவாராவுக்குத் தரப்பட்ட வேலை. நூற்றுக்கும் மேற்பட்ட இதயங்களை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். செயலிழப்பை விளக்கும் அளவுக்கு அழற்சி அகப்படவில்லை. நம் ஊர் முனைவர் பட்டக் குழு என்றால் தலைப்பை மாற்றச் சொல்லியிருக்கும்!

அவர் விடவில்லை. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஓடும் தசைக்கற்றையை வில்ஹெல்ம் ஹிஸ் 1893-லேயே விவரித்திருந்தார். அதைச் சீவல் சீவலாகப் பின்தொடர்ந்த தவாரா, மேலே போய் ஒரு முடிச்சைக் கண்டார். கீழே அது இரண்டாகக் கிளைத்து, ஆட்டு இதயத்தில் பர்க்கின்ஜி 1839-ல் பார்த்து எழுதிய இழைகளில் போய் முடிந்தது. அந்த இழைகள் எதற்கென்று அறுபது ஆண்டுக்கு மேலாக யாருக்கும் விளங்காமல் இருந்தது. அவை மின்தூண்டலைக் கடத்தும் பாதை என்று 1906-ல் வந்த தவாராவின் நூல் காட்டியது. ஹிஸ் கற்றையையே சந்தேகித்த பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத் அதற்குப் பிறகுதான் மனம் மாறினார். மறு ஆண்டே, துடிப்பு பிறக்கும் முடிச்சை மார்ட்டின் ஃப்ளாக்குடன் சேர்ந்து விவரித்தார். இன்றைய ஈசிஜி விளக்கத்தின் உடற்கூற்று அடிப்படை இதுதான். எல்லாம் தசை நோயைத் தேடப் போன இடத்தில் கிடைத்தது.

துடிப்பை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. மாரடைப்புக்குப் பின் கீழறையில் கூடுதல் துடிப்பு வருபவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம். ஆகவே அந்தத் துடிப்பை அடக்கினால் உயிர் தப்பும் என்று மருத்துவர்கள் கருதினார்கள். என்கைனைடு, ஃப்ளெகைனைடு மருந்துகள் நன்றாகவே அடக்கின. ‘காஸ்ட்’ என்ற அமெரிக்கச் சோதனையில், மருந்தால் கூடுதல் துடிப்பு அடங்கியவர்களை மட்டும் தேர்ந்து ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1991-ல் வெளியான முடிவு: மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். மின்வரைபடம் தெளிந்தது, நோயாளி போய்விட்டார். தழும்பேறிய தசையில் மின்தூண்டலின் வேகத்தை இந்த மருந்துகள் மேலும் குறைத்ததால், அது சுற்றிச் சுற்றி வரும் பாதைகள் உருவாகியிருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

தசையையும் துடிப்பையும் கட்டிவைப்பது கால்சியம். ஒவ்வொரு துடிப்பிலும் சிறிதளவு கால்சியம் செல்லுக்குள் நுழைந்து, உள்ளே சேமிப்பில் இருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. தசை சுருங்குகிறது. பிறகு பெரும்பகுதி சேமிப்புக்குத் திரும்பும், மிச்சம் வெளியேற்றப்படும். ஒரு கால்சியம் அயனி வெளியேற மூன்று சோடியம் அயனிகள் உள்ளே வருகின்றன. கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டம், சோடியம் அயனிக்கு ஒன்று; கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு நேர்மின்னூட்டம் உள்ளே சேர்கிறது. நலிந்த தசையில் சேமிப்பு அகாலத்தில் கசிந்தால், இந்த வெளியேற்றமே வேண்டாத துடிப்பைக் கிளப்பிவிடும். சுருக்கத்தைக் குறைக்கும் அதே கசிவுதான் தாளத்தையும் கெடுக்கிறது. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத இதயத்திலும் இது நடக்கும். ஓடும்போதோ பதறும்போதோ பிள்ளைகள் மயங்கி விழும் ஒரு பரம்பரை நோய்க்கு, சேமிப்பின் வாசல் புரதத்திலுள்ள மரபணுப் பிழை காரணம் என்று சில்வியா பிரியோரியின் குழு 2001-ல் காட்டியது.

உதவித்தொகை நேரத்துக்கு வருமா, நெறியாளர் மாணவர்களை எப்படி நடத்துகிறார் என்பதையெல்லாம் அங்கேயுள்ள மாணவர்களிடமே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் மகள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே செல்லில் மின்னழுத்தம், கால்சியம், சுருக்கம் மூன்றையும் சேர்த்து அளக்கிறீர்களா? ஆம் என்பவர்களிடம் சேரட்டும், பெயர்ப்பலகையில் எது எழுதியிருந்தாலும் சரி.