பேரல் பளபளக்கிறது, ரைஃபிள் சிக்குகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தால், பலரும் பேரலைத்தான் (துப்பாக்கிக் குழல்) விடாமல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) சிக்குவதற்குப் பேரல் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு சேம்பரிலோ (தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் அறை) மேகசினிலோ (தோட்டாக்களை வைக்கும் பெட்டி) ஏதாவது ஒரு சின்ன ஸ்பிரிங்கிலோ இருக்கும்.

பதில்களுக்கு முன் வழக்கமாகச் சொல்வது ஒன்று. முதலில் மேகசினைக் கழற்றுங்கள். அப்புறம் போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) இழுத்துத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால், ஒரு தோட்டா வெளியே விழும், அடுத்தது சேம்பருக்குள் போய் உட்கார்ந்துவிடும். சுத்தம் செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்க வேண்டாம்.

கே: ஏ.ஆர்-15 வகை ரைஃபிள். பேரலை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறேன். ஆனாலும் சுட்ட பிறகு காலி உறை சேம்பரிலேயே மாட்டிக்கொள்கிறது. ஏன்?

ப: மாட்டிய உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்து அதன் அடிப்பக்க விளிம்பைப் பாருங்கள். விளிம்பு கிழிந்தோ வளைந்தோ இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் (உறையைக் கொக்கிபோல் பிடித்து வெளியே இழுக்கும் பாகம்) ஒழுங்காகப் பிடித்து இழுத்திருக்கிறது, உறைதான் வர மறுத்திருக்கிறது என்று பொருள். அப்போது சந்தேகம் சேம்பர் மேல்: அழுக்கு, துரு, அல்லது சொரசொரப்பு. விளிம்பு அப்படியே இருந்தால் எக்ஸ்ட்ராக்டரின் பிடி நழுவியிருக்கிறது. அதன் கொக்கிக்கு அடியில் கரி அடைத்திருக்கும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். இரண்டுமே மலிவாகத் தீரும் விஷயங்கள்.

சேம்பர் பேரலைவிட அகலமானது. பேரலுக்கான பிரஷ் அதன் சுவரைத் தொடாமலே போய்விடும். சேம்பருக்கென்று தனி பிரஷ் உண்டு, அதைச் சால்வெண்டில் (அழுக்கைக் கரைக்கும் திரவம்) நனைத்துச் சில முறை சுழற்றுங்கள். பிறகு துணியால் உலரத் துடையுங்கள். உலர என்பதை அழுத்திச் சொல்கிறேன். சுடும்போது உறை விரிந்து சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளும். எண்ணெய் இருந்தால் அந்தப் பிடி குறைந்து, போல்ட்டின் மேல் விழும் சுமை கூடும்.

இதே கோளாறு ஒரு ராணுவத்தையே படுத்தியிருக்கிறது. வியட்நாம் போரின் தொடக்க ஆண்டுகளில் ஏ.ஆர்-15-ன் ராணுவ வடிவமான எம்-16 சிக்கியபோது, பல துப்பாக்கிகளில் உறை சேம்பரைவிட்டு வரவில்லை. வெடிமருந்து வகை மாற்றப்பட்டிருந்தது, சேம்பருக்குக் குரோமியப் பூச்சு இல்லை, வீரர்களுக்குச் சுத்தம் செய்யும் கருவிகளும் போதுமான அளவு தரப்படவில்லை. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. குரோமியப் பூச்சு பிறகு வந்தது. உங்கள் சேம்பரில் அந்தப் பூச்சு இல்லையென்றால், ஈரமான பருவத்தில் கூடுதல் கவனம் தேவை.

கே: எண்ணெய் எங்கே போட வேண்டும்? டபிள்யூ.டி-40 போதாதா?

ப: ரைஃபிளே காட்டிக் கொடுக்கும். பூச்சு தேய்ந்து உலோகம் மினுக்கும் இடங்களில்தான் உராய்வு நடக்கிறது. ஏ.ஆர் வகையில் போல்ட் கேரியரின் (போல்ட்டைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடும் பாகம்) அடியிலும் மேலுமுள்ள தண்டவாளப் பகுதிகள், போல்ட்டைத் திருப்பும் கேம் பின், வாயு கசியாமல் அடைக்கும் போல்ட்டின் வளையங்கள். அங்கே தாராளமாகவே போடலாம். இந்த வகை ரைஃபிள் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், வறட்சியைத்தான் பொறுக்காது. ஏ.கே., எஸ்.கே.எஸ். போன்ற ரைஃபிள்களில், சுடும்போது எழும் வாயு போல்ட்டைத் தள்ளப் பயன்படும் பிஸ்டனையும் வாயுக் குழாயையும் உலர்வாக விடுங்கள், எண்ணெய் அங்கே வெந்து கரியாகத்தான் மாறும். கடுங்குளிரில் கிரீஸும் தடித்த எண்ணெயும் இறுகி போல்ட்டின் வேகத்தைக் குறைக்கும், அப்போது மெல்லிய எண்ணெய் நல்லது.

டபிள்யூ.டி-40 ஈரத்தை விரட்டுவதற்காக 1953-ல் உருவானது. நனைந்த ரைஃபிளுக்குக் கைகொடுக்கும். போல்ட்டின் சூட்டிலும் வேகத்திலும் நிலைத்து நிற்காது.

கே: மேகசினை நிரப்பியே வைத்தால் ஸ்பிரிங் கெட்டுவிடுமா?

ப: நல்ல ஸ்பிரிங் அழுத்தி வைத்ததால் தளர்வதில்லை. திரும்பத் திரும்ப அமுங்கி விரிவதுதான் அதைத் தேய்க்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது மேகசினின் வாய் உதடுகளைப் பற்றித்தான். கீழே விழுந்து கொஞ்சம் விரிந்தாலும் தோட்டா கோணலாக ஏறும். மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். சிக்கல் எப்போதும் ஒரே எண்ணோடு வந்தால் ரைஃபிளைப் பிரிக்காதீர்கள், அந்த மேகசினை ஒதுக்குங்கள். உள்ளே எண்ணெய் வேண்டாம், மணலும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

கே: ஏ.ஆர். வாயுக் குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாமா?

ப: வேண்டாம். ஒவ்வொரு குண்டுக்கும் பாயும் அழுத்தமே அதை ஊதிவிடும். உள்ளே விட்ட கம்பி உடைந்து நின்றால்தான் தலைவலி. வாயு போதவில்லை என்ற சந்தேகம் இருந்தால் போல்ட்டின் வளையங்களைப் பாருங்கள். போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, போல்ட் முகம் மேசையில் படும்படி கேரியரை நிமிர்த்தி வையுங்கள். கேரியர் தன் எடையிலேயே கீழே இறங்கினால் வளையங்களை மாற்றுங்கள்.

கே: பழைய ராணுவத் தோட்டா மலிவாகக் கிடைத்தது. எண்ணெய் போட்டுத் துடைத்தும் மறுநாள் துரு.

ப: அந்தத் தோட்டாக்களின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் குத்தியதும் தீப்பற்றும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்திருக்கும். அது எரிந்தால் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, ஓர் உப்பு. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் கரையாது, அதனால் நீங்கள் உப்பின் மேல்தான் எண்ணெய் பூசியிருக்கிறீர்கள். சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள்: பேரல், வாயுத் துளை, பிஸ்டன், போல்ட் முகம், குழல் முனையில் பொருத்தியது எதுவானாலும் அதுவும். முற்றிலும் உலர்த்திய பிறகு எண்ணெய். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான்.

கே: கிடங்கில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய கிரீஸோடு ஒரு எஸ்.கே.எஸ். வாங்கினேன். வெளியே துடைத்தால் போதுமா?

ப: போதாது, போல்ட்டைக் கட்டாயம் பிரிக்க வேண்டும். பெரும்பாலான எஸ்.கே.எஸ். போல்ட்களில் ஃபயரிங் பின்னைப் (பிரைமரைக் குத்தும் ஊசி) பின்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் கிடையாது, அது சும்மா ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே கெட்டியான கிரீஸ் இருந்தால் பின் முன்னால் நீட்டியபடி ஒட்டிக்கொள்ளும். போல்ட் மூடும்போதே பிரைமரைக் குத்தி, விசையைத் தொடாமலே வெடிக்கும், நிற்காமல் தொடரவும் கூடும். சுத்தம் செய்த பிறகு போல்ட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். பின் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மறுபடி பிரியுங்கள். அந்தப் பாதையில் எண்ணெயும் போட வேண்டாம்.

கே: பேரலில் விடும் துணி நீலப் பச்சையாகவே வருகிறது. எப்போது நிறுத்துவது?

ப: அது, குண்டுகள் பேரலில் விட்டுச் செல்லும் செம்பைக் கரைக்கும் அம்மோனியா சால்வெண்டின் நிறம். சுத்தம் செய்யும் கம்பியின் பித்தளை முனையும் வெண்கலப் பிரஷும் அதில் கரைந்து அதே நிறத்தைக் கொடுக்கும், ஏமாந்துவிடாதீர்கள். குறி தவறாத வரை செம்பு முழுவதும் போக வேண்டியதில்லை. முடிந்தால் சேம்பர் பக்கமிருந்தே கம்பியை விடுங்கள். குழல் முனைப் பக்கமிருந்துதான் விட முடியும் என்றால், குழல் முனையை உரசாதபடி வழிகாட்டி பொருத்துங்கள், அந்த விளிம்பு தேய்ந்தால் குறி போய்விடும். வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கரியில் ஈயம் உண்டு.

கே: ஒரு முறை சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக 'டப்' என்று கேட்டது. போல்ட்டைக் கையால் இழுத்துத் தொடர்ந்து சுடலாமா?

ப: கூடாது. குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்தது பேரலைப் பிளந்துவிடும். ரைஃபிளைக் காலி செய்து, போல்ட்டைக் கழற்றி, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சத்தமே வராமல் 'கிளிக்' மட்டும் கேட்டால், பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே 30 வினாடி காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். சுத்தம் செய்தபோது உள்ளே மறந்துவிட்ட துணித்துண்டும் அடைப்புதான், அதனால் முதல் குண்டுக்கு முன்பும் பேரலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.